பூதக்கண்ணாடிக்காரியும் அவள் நாத்தனாரும்

அச்சகங்கள் வரிசையாக இருக்கும் அந்தத் தெருவில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். காதுபடவே சொல்வார்கள், அவளும் கோபித்துக்கொள்வதில்லை. அச்சான தாளை யார் நீட்டினாலும் முதலில் அவள் கை போவது கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் சின்னக் கண்ணாடிக்குத்தான். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எழுத்தின் விளிம்பு எங்கே பிசிறடிக்கிறது, நீலம் எங்கே சிவப்பை விட்டு விலகி நிற்கிறது என்று பார்ப்பாள். அவள் நிமிரும்வரை அச்சகக்காரர்கள் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளைப் போல நிற்பார்கள்.

எழுத்து வரைவதும் விளம்பரத் தாள் வடிவமைப்பதும்தான் அவள் பிழைப்பு. அந்தப் பிழைப்புக்கு இந்தக் குணம் பொருத்தம். வீட்டுக்குத்தான் பொருந்தவில்லை. காய்கறிக்காரர் தராசுத் தட்டைத் தூக்கினால் தட்டின் அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று எட்டிப்பார்ப்பாள். தண்ணீர்க் கேனின் மூடியைத் திருகிப் பார்க்காமல் உள்ளே விடமாட்டாள். சிரித்துப் பேசுகிறவர்கள் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று அவளுக்கு உடனே மண்டைக்குடைச்சல் தொடங்கிவிடும். அவள் கணவர் லிப்ட் பழுது பார்ப்பவர். அவருக்கு உலகத்தில் லிப்ட் மேல் மட்டும்தான் சந்தேகம். மனிதர்கள் எல்லாரையும் நம்பிவிடுவார். “ரெண்டு பேரும் சந்தேகப்பட்டா குடும்பம் என்னத்துக்கு ஆகும்” என்பார்.

இத்தனைக்கும் அவள் பிறவியிலேயே அப்படி இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு சோப்புக் கம்பெனியில் தன் கையால் வரைந்த எழுத்துகளைக் கொண்டுபோய்க் காட்டினாள். பிடிக்கவில்லை என்று உதட்டைப் பிதுக்கி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதம் மளிகைக்கடை மளிகைக்கடையாக அதே எழுத்து, அதே வளைவு, அதே நிழலோடு சுவரில் சிரித்தது. யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னாலும் யார் நம்புவார்கள்? அன்றைக்கு உள்ளே போய் உட்கார்ந்த சந்தேகம் பிறகு எழுந்து போகவே இல்லை.

வீட்டில் மூன்றே பேர். அவள், கணவர், கணவரின் அக்கா. மகள் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போன பிறகு அவளுடைய அறையைத்தான் இவள் வேலை அறையாக்கிக்கொண்டாள். நாத்தனார் ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். கணவர் இறந்ததும் தம்பி வீட்டின் பின்னறைக்கு வந்து சேர்ந்தார். நல்ல உயரம், அகலமான தோள், அதிகாரமான குரல். இவளுக்கும் அவருக்கும் சண்டை என்று ஒரு நாளும் வந்ததில்லை. ஆனால் மூன்று பேரும் ஒரே அறையில் இருக்கும்போதும், “உங்க அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமான்னு கேளுங்க” என்று இவள் கணவரிடம் சொல்வாள். “போதும்னு சொல்லுடா” என்று அவர் தம்பியிடம் சொல்வார். கணவர் நடுவில் தபால்காரர் வேலை பார்த்தார்.

இப்படி இருக்கையில்தான் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர் அவளைத் தேடி வந்தார். காப்பீட்டு முகவர், எதிரே உட்கார்ந்தாலே நம் பிறந்த தேதியைக் கேட்டுவிடுவாரோ என்று தோன்றவைக்கிற முகம். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்காகக் கழகம் ஒரு தடகளப் போட்டி நடத்தப்போவதாகச் சொன்னார். போட்டிக்குப் பாய்ச்சல் என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைப் பார்த்தவுடன் பிடிக்கிற மாதிரி எழுத்தாக வரைந்து தர வேண்டும். நிகழ்ச்சி நிரலையும் சட்டைப்பையில் செருகும் அளவுக்கு மடித்த தாளாக வடிவமைத்துத் தர வேண்டும். கைத்தடி, மூக்குக்கண்ணாடி, நரைமுடி ஒன்றும் படத்தில் வரக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

அதுவரை அவளுக்கு வேலை பிடித்திருந்தது. போகும்போது அவர் ஒரு விஷயம் சொன்னார். பெண்கள் குண்டு எறிதலில் ஒரு வரியைக் காலியாக விட்டுவையுங்கள், அந்தப் பெயர் பிறகு வரும் என்றார்.

யாருடைய பெயர் என்று கேட்டாள். செயலாளர் மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தார்.

“அத மட்டும் கேக்காதீங்கம்மா. வாக்கு குடுத்திருக்கேன்.”

நிரல் தாளில் ஒரு வரி காலியாக இருந்தால் பல்வரிசையில் ஒரு பல் விழுந்த மாதிரி இருக்கும், பார்க்கிறவன் கண் நேரே அங்கேதான் போகும் என்று அவள் எடுத்துச் சொன்னாள். அவர் சிரித்து மழுப்பிவிட்டுக் கிளம்பினார். அவர் படியிறங்கிய சத்தம் அடங்குவதற்குள் அவளுக்குச் சந்தேகம் முளைத்துவிட்டது. குண்டு எறிய வருகிற ஒரு பொம்பளையின் பெயரில் என்ன ரகசியம்? பெரிய இடத்து ஆளா? கடைசி நேரத்தில் விளம்பரத்தைப் புகுத்தப் போகிறார்களா? இல்லை, இந்தச் சாக்கில் கணினிக் கோப்பைத் திருத்தக்கூடிய நிலையில் வாங்கிக்கொண்டு போய் வேறு யாரிடமாவது கொடுத்து முடித்துக்கொள்கிற திட்டமா?

ஆனாலும் பென்சிலைக் கையில் எடுத்தபோது எல்லாம் மறந்துபோயிற்று. பாய்ச்சல் என்ற சொல்லை எழுதிப் பார்த்தால் மூன்று எழுத்துகளின் தலையில் புள்ளி இருக்கிறது: ய், ச், ல். அந்த மூன்று புள்ளிகளும் ஓடுகிற மூன்று பேரின் தலை மாதிரி அவளுக்குத் தெரிந்தன. முதல் புள்ளி தாழ, நடுப்புள்ளி கொஞ்சம் உயர, கடைசிப் புள்ளி எழுத்தை விட்டுத் துள்ளினாற்போல் மேலே. கேட்க எளிது, வரைந்தால்தான் கஷ்டம் தெரியும். புள்ளி கொஞ்சம் கூடுதலாக உயர்ந்தால் யாரோ எறிந்துவிட்டுப் போன பந்து மாதிரி தனியாக நின்றது. தாழ்ந்தால் எழுத்தின் மேல் ஈ உட்கார்ந்த மாதிரி இருந்தது. அதைவிடப் பெரிய தொல்லை நடுவில் இரண்டு ச. ஒரே மாதிரி போட்டால் வேகம் அங்கே வந்து முட்டிக்கொண்டு நின்றது. மெல்லிய தாளை மேலே வைத்து வைத்துத் திரும்பத் திரும்ப வரைந்தாள். மேசைக்கடியில் கசக்கிய தாள் குவிந்தது.

ஒரு மதியம் சாப்பாட்டுக்குக் கூப்பிட வந்த நாத்தனார் வாசற்படியிலேயே நின்று மேசையைப் பார்த்தார். வழக்கமாக அந்த அறைப் பக்கம் அவர் வருவதே இல்லை.

“அந்த ரெண்டாவது ச, களைச்சுப்போய் உக்காந்துட்ட மாதிரி இருக்கு” என்றார். சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இவளுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் தன் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர் இன்றைக்கு எதற்காகப் பேசுகிறார்? ஆனால் திரும்பிப் பார்த்தால் அவர் சொன்னது சரிதான்; அந்த எழுத்து இடுப்பில் கைவைத்து உட்கார்ந்துதான் இருந்தது. அதன் வயிற்றுப் பக்கத்தை இழுத்து முன்னுக்குச் சாய்த்தாள். சொல் ஓடத் தொடங்கியது. நாத்தனாரிடம் அதை அவள் சொல்லவில்லை.

எழுத்து முடிந்ததும் மடிப்புத் தாளுக்கு வந்தாள். ஒரே தாள், இரண்டு மடிப்பு, ஆறு பக்கம். உள்ளே மடங்கிப் போகிற பக்கத்தை மயிரிழை குறுகலாக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மடித்த பிறகு தாள் வயிறு தள்ளிக்கொண்டு நிற்கும். வெளிப்பக்கத்தில் எழுத்து, பிரித்தால் ஓட்டங்கள், முழுக்க விரித்தால் எறிதல், தாண்டுதல், மைதானத்தின் படம். பெண்கள் குண்டு எறிதலில் அந்தக் காலி வரி. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு விழுந்த பல்லின் இடத்தையே நாக்கு தடவுகிற மாதிரி இருந்தது.

மாதிரியை வெளியே கொடுக்கும் நேரம் வந்தபோது அவள் தன் பழைய வித்தையைச் செய்தாள். சோப்புக் கம்பெனி கற்றுக்கொடுத்த வித்தை. செயலாளருக்குப் போன படியில் நடுப்புள்ளியின் அடிப்பக்கத்தைத் துளி தட்டையாக்கினாள். அச்சகத்துக்குப் போன படியில் முதல் எழுத்தின் காலைக் கொஞ்சம் நீட்டினாள். தன் மேசைமேல் வைத்துக்கொண்ட படியில் ல-வின் வால் முடிகிற இடத்தில் எறும்பு கடித்தாற்போல் ஒரு சின்ன வெட்டு. எந்தப் படி வெளியே திருட்டுப்போனாலும் யார் கையிலிருந்து போனது என்று அடையாளம் சொல்லிவிடும். கணவர் இதைக் கேட்டுவிட்டு, “போலீஸ்ல சேந்திருக்கலாம் நீ” என்றார்.

அந்த நாட்களில் நாத்தனாரிடமும் சில மாற்றங்களை அவள் கவனித்தாள். சாயங்கால வேளையில் நூலகத்துக்குப் போகிறேன் என்று ஒரு துணிப்பையோடு கிளம்புவார். பொழுது சாயும் நேரத்தில் வருவார். ஒரு நாள் கூட்டும்போது அந்தப் பையை நகர்த்தினால் லேசில் அசையவில்லை. கொஞ்சம் தூக்கி விட்டதும் தரையில் ணங்கென்றது. நூலகப் புத்தகம் ணங்கென்று சொல்லாது. பையைத் திறந்து பார்க்கக் கை நீண்டது. அதற்குள் பின்னறைக் கதவு சத்தம் கேட்டு விளக்குமாற்றைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கே சமையலறையில் இரும்புச் சட்டி, பித்தளைப் பாத்திரம் எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிற சாக்கில் சரிபார்த்தாள். ஒன்றும் குறையவில்லை. குறையாததும் அவளுக்கு நிம்மதியாக இல்லை.

அப்புறம் அந்த வெள்ளைத் தடம். வெளியே போய்விட்டு வரும்போது நாத்தனாரின் கழுத்தில், தாடைக்குக் கீழே, வலது பக்கம் மட்டும் வெள்ளையாக ஏதோ பூசினாற்போல் இருந்தது. பின்னறையில் வலி மருந்து நெடி வேறு. ஏதாவது வியாதியா, எங்கேயாவது ரகசியமாக வைத்தியம் பார்த்துக்கொள்கிறாரா என்று கணவரிடம் கேட்டாள். அவர் செய்தித்தாளை மடிக்காமலே, பவுடர் போட்டிருப்பாள் என்றார்.

“ஒரு பக்கம் மட்டும் யாருங்க பவுடர் போடுவாங்க?”

அவர் கேள்வியை அதோடு விட்டுவிட்டார். இவளால் விட முடியவில்லை.

போட்டிக்கு இன்னும் கொஞ்ச நாளே இருந்தபோது, மருந்துக்கடைக்குப் போய்விட்டுப் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். முன்னால் ஒரு வயதான அம்மாள், பச்சை பனியன் போட்டுக்கொண்டு. பனியனின் முதுகில் பாய்ச்சல். அதே மூன்று புள்ளி, அதே சாய்ந்த ச. போட்டியே நடக்கவில்லை, எழுத்து இன்னும் அச்சேறவில்லை, அதற்குள் ஊர் முதுகில் ஏறிவிட்டது. போனில் ஒரு படம் எடுத்தாள். கூப்பிட்டுக் கேட்பதற்குள் அந்த அம்மாள் வந்த பேருந்தில் ஏறிப் போய்விட்டார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேரே செயலாளரின் அலுவலகத்துக்குப் போனாள். அவர் எதிரே ஒரு புதுமணத் தம்பதி உட்கார்ந்து காப்பீட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே போனை மேசையில் வைத்து, இது எப்படி வெளியே வந்தது என்று கேட்டாள். செயலாளர் படத்தைப் பார்த்தார். முகம் சுண்டிப்போயிற்று. ஆனால் திகைத்த முகமாக அது இல்லை, ஏற்கெனவே தெரிந்த ஒன்றைப் பார்த்த முகமாக இருந்தது. அதைக் கண்டதும் இவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. உங்களிடம் யாரும் எதையும் நம்பி ஒப்படைக்கக் கூடாது, காப்பீடு உட்பட, என்று சொல்லிவிட்டாள். புதுமணப் பெண் தன் கையிலிருந்த பேனாவை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“சத்தியமா நான் குடுக்கலம்மா” என்றார் செயலாளர். “யாரு குடுத்தாங்கன்னும் நான் சொல்ல முடியாது.”

“அப்ப தெரியும்.”

அவர் மறுபடியும் மின்விசிறியைத் தேடினார். அந்த அறையில் மின்விசிறி இல்லை.

வீட்டுக்கு வந்து படத்தைக் கணினியில் போட்டுப் பெரிதாக்கினாள். நடுப்புள்ளியின் அடி தட்டையாக இருக்கும், அதைக் காட்டி அவரைக் கழகத்தின் முன்னால் நிறுத்துவது என்று முடிவு கட்டியிருந்தாள். நடுப்புள்ளி முழு உருண்டையாக இருந்தது. முதல் எழுத்தின் காலும் நீளவில்லை. படத்தை நகர்த்தி ல-வின் வாலுக்கு வந்தாள். எறும்பு கடித்தாற்போல் ஒரு வெட்டு.

அப்படியானால் எழுத்து போனது இந்த மேசையிலிருந்து. வெளியாள் வராத இந்த வீட்டிலிருந்து.

கணவர் என்று நினைக்கவே முடியவில்லை. அவர் சட்டைப் பொத்தானைக் கூட அவள் சொல்லாமல் மாற்றமாட்டார். மிச்சம் ஒருவர்தான். அன்றைக்கு வாசற்படியில் நின்று எழுத்தை உற்றுப் பார்த்தது இதற்காகத்தானா? நூலகம், ணங்கென்ற பை, கழுத்து வெள்ளை எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு வந்தன. யாரோ போட்டிக்கார வடிவமைப்பாளருக்கு இந்த வீட்டிலிருந்தே சரக்குப் போகிறது என்று அவள் தீர்மானித்துவிட்டாள். பல வருஷமாகப் பேசாமல் இருந்த பகை இப்போது வேலையைக் காட்டுகிறது. அழுகை வந்தது. அழுதால் கண் மங்கும், கண் மங்கினால் கவனிக்க முடியாது என்று அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் நாத்தனார் பையோடு கிளம்பியதும் இவளும் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் போனாள். நாத்தனார் நூலகத்து வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்து போனார். தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் இருக்கும் பள்ளிக்கூட மைதானத்துக்குள் நுழைந்தார். சுவரோரம் இருந்த இடிந்த தூணுக்குப் பின்னால் இவள் நின்றுகொண்டாள்.

மைதானத்தில் ஐந்தாறு பெண்கள். எல்லாரும் நடுவயதைத் தாண்டியவர்கள், எல்லார் மேலும் பச்சை பனியன். பேருந்து நிறுத்தத்து அம்மாளும் அங்கே இருந்தார். நாத்தனார் புடவைக்கு மேல் போட்டிருந்த சட்டையைக் கழற்றினார். உள்ளே அதே பனியன். புடவையையும் மடித்துப் பைக்குள் வைத்தபோது கீழே முழுக் காற்சட்டை இருந்தது. பைக்குள்ளிருந்து ஓர் இரும்புக் குண்டை எடுத்தார். உள்ளங்கையில் சுண்ணப்பொடி தேய்த்துக்கொண்டு, குண்டைக் கழுத்தோடு, தாடைக்குக் கீழே, வலது பக்கம் அணைத்துக்கொண்டார். முதுகைக் காட்டி நின்று, குனிந்து, ஒரு காலால் பின்னுக்கு வழுக்கிக்கொண்டு போய், திரும்பி, முழு உடம்பையும் எழுப்பி எறிந்தார். தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சோறு போதும் என்று தம்பியிடம் சொல்லியனுப்புகிற அந்தக் குரலா இது என்று இவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. குண்டு தொலைவில் மண்ணில் தொப்பென்று விழுந்தது. மற்றவர்கள் கைதட்டினார்கள். நாத்தனார் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து இவள் பார்த்ததே இல்லை.

தூணுக்குப் பின்னால் நின்றுவிட்டுப் போயிருக்கலாம். கால் அவளைக் கேட்காமல் நடந்து மைதானத்துக்குள் போய்விட்டது. நாத்தனாரின் சிரிப்பு அடங்கியது. மற்ற பெண்கள் தண்ணீர் குடிக்கிற சாக்கில் தள்ளிப் போனார்கள்.

“எழுத்த எடுத்தது நீங்கதானா அண்ணி?”

தம்பியை நடுவில் வைக்காமல் நேரே கேட்டது அதுதான் முதல் தடவை.

“நான்தான். நீ கடைக்குப் போயிருந்தப்போ எடுத்துட்டுப் போய் பனியன் போடுற கடையில குடுத்தேன். அன்னிக்கே கொண்டுவந்து வச்சுட்டேன். வேற யாருக்கும் குடுக்கலை. நாங்க ஆறு பேரு, ஆறு பனியன்.”

“கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா?”

“குடுத்திருப்பே. ஏன்னு கேட்டிருப்பே. எதுக்கு இந்த வயசுல, யாரு சொல்லிக் குடுத்தா, முட்டி என்ன ஆகும்னு கேட்டிருப்பே.” நாத்தனார் கையிலிருந்த வெள்ளைப் பொடியைத் தட்டிவிட்டார். “நீ எல்லாத்தையும் கண்ணாடி வச்சுப் பாக்குறவ. என்னோடதுன்னு ஒண்ணாவது உன் கண்ணுல படாம இருக்கட்டும்னு நெனச்சேன். தப்பா?”

இவள் கழுத்தில் தொங்கிய கண்ணாடியைக் கையால் மூடிக்கொண்டாள். சலவைப் பிரிவில் ஈரத் துணி மூட்டைகளைத் தூக்கித் தூக்கி எறிந்த கைக்கு வீட்டில் வேலை இல்லாமல் போனதையும், பேருந்து நிறுத்தத்து அம்மாள்தான் ஒரு நாள் கூப்பிட்டுக் குண்டைக் கையில் கொடுத்ததையும், பெயர் வெளியே வந்தால் வீட்டுக்குத் தெரிந்துவிடுமென்று செயலாளரிடம் வாக்கு வாங்கியதையும் நாத்தனார் துண்டு துண்டாகச் சொன்னார். கடைசி நேரத்தில் பயம் வந்தால் விலகிவிடலாம் என்பதற்காகவும்தான் அந்த வரியைக் காலியாக வைக்கச் சொன்னாராம்.

இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தார்கள். பையை இவள் வாங்கிக்கொண்டாள். பாதி வழியில் தோள் கழன்றுவிடும்போல் இருந்ததால் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அன்று மாலையே வேலை அறையில் நாத்தனாருக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டுக் கணினியில் கோப்பைத் திறந்தாள். காலி வரியில் பெயரை அடிக்க வேண்டும். அடித்துக்கொண்டே போனவள் கை நடுவில் நின்றது. வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அக்கா, அண்ணி, அத்தை, அவ்வளவுதான்.

“அண்ணி, உங்க பேர்ல ரெண்டு சுழி ன-வா, மூணு சுழி ண-வா?”

“மூணு சுழி. ஆஸ்பத்திரியில கடைசி வரைக்கும் ரெண்டு சுழிதான் போட்டுக்கிட்டு இருந்தாங்க.”

மூன்று சுழி போட்டாள். போட்டுவிட்டுக் கண்ணாடியைத் திரையில் வைத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டாள்.

மறுநாள் செயலாளரைப் போய்ப் பார்த்து மன்னிப்புக் கேட்டாள். அந்தப் புதுமணத் தம்பதி திரும்பி வரவே இல்லை என்று அவர் சொன்னார். அந்த விஷயத்தில் அவளுக்கு ஏற்பட்ட உறுத்தல் ரொம்ப நாள் போகவில்லை.

போட்டி அன்று காலை மைதானமெங்கும் மடித்த தாள்கள். சட்டைப்பைகளில் எட்டிப்பார்த்தன, முகத்துக்கு விசிறியாயின, தொப்பியாகவும் ஆயின. யாரோ ஒருவர் தாளை விரித்துவிட்டுத் திரும்ப மடிக்கத் தெரியாமல் திண்டாடுவதைப் பார்த்து அவளுக்குக் கை பரபரத்தது. கணவர் அன்றைக்கு விடுப்பு எடுத்திருந்தார். அக்கா பச்சை பனியனில் வந்து நின்றதும், கையிலிருந்த தாளில் அக்காவின் பெயரைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்.

குண்டு எறிதலில் ஐந்து பேர். நாத்தனார் கடைசிச் சுற்றுவரை நான்காவது இடத்தில் இருந்தார். கடைசி எறிதலில் அந்தச் சத்தம் மைதானத்தின் மறுகோடிவரை கேட்டது. குண்டு விழுந்த இடத்தில் கொடி நட்டு, நாடாவை இழுத்து, அளவைச் சொன்னார்கள். மூன்றாவது இடம். பச்சை பனியன்காரர்கள் கத்தினார்கள்.

இவள் கத்தவில்லை. அவள் கண் நாடாவில் இருந்தது. எறிகிற வட்டத்தின் பக்கம் நாடாவைப் பிடித்திருந்தவர் யாரையோ திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்; நாடா நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது. இவள் தடுப்புக் கயிற்றுக்கடியில் குனிந்து உள்ளே போனாள்.

“நாடா தொங்குது. இது சரியான அளவு இல்ல. எங்க அண்ணிக்கு மறுபடி அளங்க.”

நடுவர் நல்ல மனிதர். அவள் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டு, நாடாவை விறைப்பாக இழுக்கச் சொல்லி மறுபடி அளந்தார். தொங்குகிற நாடா தூரத்தைக் கூட்டித்தான் காட்டும், இழுத்துப் பிடித்தால் குறையும் என்பது அவள் மண்டையில் அப்போதுதான் உறைத்தது. நடுவர் புது அளவைச் சொன்னார். மூன்று விரற்கடை குறைவு. நான்காவது இடம்.

கணவர் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். நாத்தனார் நடுவரைப் பார்த்தார், இவளைப் பார்த்தார், போய்த் தன் குண்டை எடுத்துத் துணியால் துடைக்கத் தொடங்கினார்.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் கணவர் முன்னால் தனியாகப் போய் உட்கார்ந்துகொண்டார். இரண்டு பெண்களும் பின்னால் ஒரே இருக்கையில். பை நாத்தனாரின் மடியில் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடைகள் போய்க்கொண்டிருந்தன. இதற்கு மேல் என்ன மிச்சம் இருக்கிறது, திரும்பவும் கணவரைத் தபால்காரராக்க வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

“அண்ணி, நான் வேணும்னு பண்ணலை.”

“தெரியும்.” நாத்தனார் மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டார். “எனக்காக யாரும் இதுவரைக்கும் சண்டைக்குப் போனதில்ல. கயித்துக்குள்ள நுழைஞ்சு வந்தியே, அப்ப எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? அளந்தப்பறம்தான் போச்சு.” சொல்லும்போதே அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து இவள் திரும்பினாள். நாத்தனார் சிரித்துக்கொண்டிருந்தார். அது தொற்றிக்கொண்டு இவளும் சிரித்தாள். முன் இருக்கையிலிருந்த கணவர் திரும்பிப் பார்த்து, என்ன நடக்கிறது என்று புரியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று அவரும் சிரித்துவைத்தார்.

குணம் அதற்காக மாறிவிடுமா? அடுத்த வாரமே அவளுக்குப் புதிதாக ஒரு சந்தேகம் வந்தது. அந்தக் குண்டை நாத்தனாருக்கு விற்ற விளையாட்டுச் சாமான் கடைக்காரர், அந்த வயதுப் பெண்கள் எறிய வேண்டிய மூன்று கிலோ குண்டு என்று சொல்லித்தான் கொடுத்தாராம். சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தாள். முள் மூன்றைத் தாண்டி நின்றது. தராசு பழசு, அதையும் நம்ப முடியாது என்று காய்கறிக்காரரிடம் கொண்டுபோனாள். அவர் எதற்கு வம்பு என்று இரண்டு தடவை நிறுத்துக் காட்டினார். அங்கேயும் கூடுதல்தான்.

“இத்தனை நாளா கனமான குண்ட வச்சு உங்கள ஏமாத்தியிருக்கான் அண்ணி” என்றாள்.

நாத்தனார் உள்ளே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் ஆளுக்கொரு காதைப் பிடித்துப் பையைத் தூக்கிக்கொண்டு, கடைக்காரரைக் கேட்பதற்காகத் தெருவில் இறங்கினார்கள்.